மழையிலும் திறக்கும் பெட்டி

எஸ்தர் டீச்சர் காலமான செய்தியை, விழுப்புரத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வைத்து ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார். திண்டிவனத்திலிருந்து டீச்சரின் தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் காபி போட்டுக் குடித்தவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கொஞ்சம் தொந்தரவு கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் தையல் கற்றவர்கள். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டித் திட்டு வாங்கியவர்கள். "சுருங்கற வரைக்கும் சுருங்கட்டும், அப்புறம் கத்திரிக்கோலை எடு" என்று அவர் சொல்வது உங்கள் காதில் இன்னும் இருக்கும். நான் அவரிடம் படித்ததில்லை. திண்டிவனத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். ஆனால் அவர் எனக்கு ஒரு நகைப்பெட்டி வடிவமைத்துக் கொடுத்தார். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அது ரகசியப் பெட்டி.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கிராமம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். விதைப்புக்கு முன்னால் வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகும், காய் விற்றதும் திரும்பும். மழை ஏமாற்றிய வருஷம் திரும்பாது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். எனக்கோ டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் சம்மதம்தான். சேரும்போது கட்டப் பணம் வேண்டுமே? அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அட்டிகை. மற்ற நகையெல்லாம் விதைக்குப் போனாலும் போகட்டும், இது மட்டும் எனக்கு இடம் கிடைக்கும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று அம்மா டீச்சரிடம் போய் நின்றார்.

டீச்சர் மறுநாளே பழைய அட்டைகளை வெட்டி, பசை போட்டு, ஒரு பெட்டி செய்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ திருட வந்தவன்னு வெச்சுக்க. இதுல அட்டிகை இருக்கு, தேடு" என்றார். அடியைத் தட்டினேன், பக்கங்களைத் தட்டினேன், உள்தட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு ஒரே சிரிப்பு. "எல்லாரும் கீழதான் தேடுவாங்க. மேல கண்ணாடி இருந்தா, அவங்கவங்க மூஞ்சியப் பாத்துட்டு விட்டுடுவாங்க." அட்டிகை மூடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. சட்டத்தின் மூலையில் ஒரு சின்ன ஓட்டை. அதில் கொண்டை ஊசியை விட்டு அழுத்தினால், கண்ணாடி சட்டத்தோடு பக்கவாட்டில் நகரும்.

மரத்தில் செய்ய விழுப்புரம் போனோம். திண்டிவனத்தில் செய்தால், பெட்டிக்கு முன்னால் சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும் என்று டீச்சருக்குப் பயம். நல்ல சித்திரை வெயில். சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் கோடே தெரியக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஸ்டேஷன் பக்கத்துத் தச்சரும் ரோஷக்காரர், இழைத்து இழைத்து அப்படியே பொருத்திக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் டீச்சர் அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கல்யாணம் முடிந்து பெட்டியோடு புகுந்த வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் சேர்க்கை தள்ளிப்போய், ஐப்பசியில்தான் எனக்கு டிரெயினிங்கில் இடம் வந்தது. கூடவே மழையும் வந்தது. கொண்டை ஊசியை விட்டு அழுத்தினேன். உள்ளே தாழ் விலகியது கேட்டது, சட்டம் அசையவில்லை. மரம் ஈரத்தில் உப்பிப்போய் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. உடைத்தால் சத்தம் கேட்கும். பெட்டியோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் தெருவே கேள்வி கேட்கும். பணம் கட்ட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. திண்டிவனம் போகிற ஒருவரிடம், பெட்டி திறக்கவில்லை என்று மட்டும் டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டீச்சர் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பைக்குள் கரி இஸ்திரிப் பெட்டி. "ஜாக்கெட் தைக்கக் கத்துக்குடுக்க வந்தேங்க" என்று என் மாமியாரிடம் சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து நெருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். நகைப்பெட்டியின் மூடிமேல் துணியை மடித்துப் போட்டு நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

"துணி சுருங்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறேன், மரம் உப்பும்னு தோணலையே! அட்டையில செஞ்சு பாத்த புத்தி. தப்பு என்னுதுதான் மங்கா."

அத்தை, அதுதான் என் மாமியார், உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாங்கம்மா, பொட்டிக்குப் போயி இஸ்திரி போட்டுக்கினு கீறீங்க?"

"பூஞ்சை புடிச்சிடுச்சுங்க, இந்த மழைக்கு" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, சட்டம் சடக்கென்று நகர்ந்தது. அட்டிகை வழுக்கிக்கொண்டு பாயில் விழுந்தது.

அத்தை குனிந்து எடுத்தார். விதை மல்லாட்டைக்கு அவர் பணம் புரட்டிக்கொண்டிருந்த சமயம் அது. என் படிப்பு அவர் உள்ளங்கையில் கிடந்தது. டீச்சர்தான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

"அவ அம்மாவுதுங்க. டிரெயினிங் சேர்றதுக்குன்னு குடுத்தது. ஒளிச்சு வெக்க வழி பண்ணினது நான். கோவம்னா என்னைத் திட்டுங்க."

அத்தை அவரைத் திட்டவில்லை. "இத்த விக்கப் போறியா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

"வித்துட்டா போச்சு. அடகு வெச்சா மூட்டுக்கலாம். நீ போனா கடைக்காரன் ஏச்சிப்புடுவான், நானே வெச்சிக்கினு வர்றேன். வருசா வருசம் மண்ணுக்குக் குடுக்கறோம், படிப்புக்கு ஒரு தபா குடுத்தா இன்னா?" என்றவர், டீச்சர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஏங்கம்மா, அந்தக் கண்ணாடிய மழையிலயும் தொறக்கறாப்பல பண்ணிக் குடுங்க. எங்கிட்டயும் ஒரு நகை கீது, எம் புள்ளைங்களுக்குத் தெரியாம வெக்கணும்."

டீச்சர் அன்றைக்கே பெட்டியை விழுப்புரம் கொண்டுபோனார். சட்டத்தைச் சுற்றி ஒரு தையல் ஊசி நுழையும் அளவுக்கு இழைத்துவிடச் சொன்னார். "கோடு தெரியும்தான். தெரிஞ்சா தெரியட்டும், நமக்குத் தொறக்கணும்" என்றார். நான் படித்து முடித்தேன், விழுப்புரத்திலேயே வேலை கிடைத்தது. அட்டிகையை என் சம்பளத்தில் மீட்டேன்.

அடக்கத்துக்குப் புறப்படும்போது அட்டிகையைக் கழற்றிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். "பொட்டிக்கு இஸ்திரி போட்டாங்களே, அந்தம்மாவா?" என்று கேட்ட அத்தை, நான் கூப்பிடாமலே என்னோடு பஸ் ஏறினார். திண்டிவனத்தில் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தண்ணீர். குடைக்கடியில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தப்பு என்னுதுதான் என்று சொல்லிக்கொண்டு சேற்றில் நடந்து வருகிற தைரியத்தில் கொஞ்சம். அப்புறம், ஒரு ஊசி நுழையும் இடைவெளி. வீடு திரும்பித் தலையைத் துவட்டிவிட்டு, அட்டிகையை எடுக்கக் கொண்டை ஊசியை விட்டு அழுத்தினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஒரு விரலால் தள்ளியதுமே நகர்ந்து வழிவிட்டது. அப்போதுதான் அழுதேன்.