ரத்தம் எடுக்க வந்த வேன்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தோளில் பை, கையில் சின்ன ஐஸ் பெட்டி.

“மேடம், இங்க முத்தையாங்கறவர் வீடு எது?”

ஐஸ் பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பழைய வேன் ஞாபகம் வந்தது. மறுபடியுமா?

முத்தையா எங்கள் எதிர்வீட்டுக்காரர். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிற சம்சாரி. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செல்வராணி, இளையவள் மகேஸ்வரி.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் செல்வராணி திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்களாம். (இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று யார்தான் சொல்லிவைத்தார்களோ!)

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு சின்னக் கட்டி. கட்டி என்றதும் முத்தையாவின் மனைவி பாப்பாத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நல்ல மனிதர். “பயப்படாதீங்க. இது பன்னிக்கறியில வர்ற நாடாப்புழுவோட முட்டை உள்ள போயி, மூளையில தங்கி, பை மாதிரி கட்டிக்கிட்டது. மாத்திரையில சரியாப் போகும்” என்றார்.

“நாங்க பன்னிக்கறியைத் தொடுறதே இல்லையே சார்...” என்றாள் பாப்பாத்தி.

“கறி திங்கணும்னே இல்லம்மா. வயித்துல புழு இருக்கிற யாரோ ஒருத்தர் கையைச் சரியாக் கழுவாம சாப்பாட்டைத் தொட்டிருப்பாங்க. கழுவாத பச்சைக் காய், தண்ணி... எதுல வேணாலும் வரலாம்.”

யாரோ ஒருவர் கை. யார் கை என்று எங்கே போய்த் தேடுவது?

மாத்திரை சாப்பிட்டாள். கட்டி சுருங்கியது. வலிப்பு நின்றது. ஆனால் ஜவுளிக்கடையில் “வேற இடம் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் வருவதை நிறுத்தினார்கள். வலிப்பு நின்றது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. வலிப்பு வந்தது மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

செல்வராணியே ஒருநாள் அப்பாவிடம் பேசினாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“எனக்காகக் காத்துக் கெடக்க வேணாம்ப்பா. மகேசுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. அவளுக்கு மொதல்ல பாருங்க.”

முத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகேஸ்வரிக்கு நெய்க்காரப்பட்டியில் இடம் அமைந்தது. பையனுக்குப் பழனியில் பம்ப்செட் கடையில் வேலை. அக்காவின் கதையை முத்தையா மறைக்கவில்லை. “காய்ச்சல் மாதிரிதானுங்க, வந்துச்சு, போயிருச்சு” என்று பையனின் அம்மாவே பெருந்தன்மையாகச் சொன்னார். நிச்சயம் நடந்தது. அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் பாயசம் வாசம் வந்தது.

அப்போதுதான் அந்த வேன் வந்தது.

ஆராய்ச்சிக்காரர்கள். ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர்... அக்காவுக்கு வந்த பூச்சிக்கட்டி தங்கைக்கு ஏன் வரவில்லை? ஒருவருடைய உடம்பு அந்தப் பூச்சியோடு எப்படிச் சண்டை போடுகிறது? அதில் ஜீனுக்கு ஏதாவது பங்கு இருக்கிறதா? இதுதான் அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். அதற்கு இரண்டு பெண்களின் ரத்தமும் வேண்டும்.

முத்தையா தயங்கினார். செல்வராணிதான் முதலில் கையை நீட்டினாள். “நம்மளால நாலு பேருக்கு நல்லது நடந்தா நடந்துட்டுப் போகுதுப்பா. மகேசு, நீயும் குடு.”

மகேஸ்வரியும் கொடுத்தாள். வாசலில் வேன் நின்றது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. “எதுக்குப்பா எடுக்குறீங்க?” என்று யாரோ கேட்க, வேன் டிரைவர் பீடியை இழுத்துக்கொண்டே, “ஜீன் டெஸ்ட்டு. பரம்பரை சமாச்சாரம்” என்றார்.

அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாக நெய்க்காரப்பட்டிக்குப் போய்ச் சேர அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“நீங்க நாலு எழுத்துப் படிச்சவுங்க, பத்திரிகையில எழுதுறவுங்க. வந்து ஒரு வார்த்த எடுத்துச் சொல்லுங்கம்மா” என்று முத்தையா என்னைக் கூப்பிட்டார். அவரோடு போனேன்.

பையனின் அம்மா மரியாதைக்குக் குறைவில்லாமல் மோர் கொடுத்தார். நான் பூச்சி, முட்டை, கை கழுவாதது எல்லாவற்றையும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“ஏனுங்க, பரம்பரையா வராத நோவுன்னா, தங்கச்சி ரத்தத்தை எதுக்குங்க எடுத்தாங்க?”

“இது பரம்பரை வியாதி இல்லீங்க. ஆனா, ஒவ்வொருத்தர் உடம்பும் பூச்சியை எதிர்க்கிறதுல பிறவியிலேயே ஏதாவது வித்தியாசம் இருக்கலாமோன்னு...”

“பொறவியிலேயேங்களா?”

உண்மையைத்தான் சொன்னேன். உண்மையில் ஓர் ‘ஆனா’ இருந்தது. விஞ்ஞானிகளுக்கு அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருப்பதுதான் ஆராய்ச்சி. பெண் எடுக்கிறவர்களுக்கு? அதுதான் முடிவு.

“கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் பேரன் பேத்தின்னு வருமுங்க. எங்களுக்கு மனசு ஒப்பலீங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பையனுக்குப் பெண் பார்த்தால் நான் மட்டும் என்ன...? சரி, விடுங்கள்.

பஸ் ஸ்டாப் வரை அந்தப் பையன் கூடவே வந்தான். பஸ் வந்து நிற்கும்போது, “நான் என்னங்க பண்ணட்டும்” என்றான். முத்தையா அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டில் மகேஸ்வரி அழவில்லை. அக்காவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “உன்னைய யாரு என் ரத்தத்தையும் குடுக்கச் சொன்னது?”

அதற்கப்புறம் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

பிற்பாடு மகேஸ்வரிக்குத் திருப்பூரில் கல்யாணம் ஆனது. இந்த முறை முத்தையா எதையும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால்... அந்த வீட்டாருக்குத் தெரிந்தவரை அவள் ஒரே மகள். கல்யாணத்தன்று செல்வராணி வீட்டில்தான் இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலையில் பூ வைத்திருந்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணை நானே எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். முத்தையா தோட்டத்துக்குப் போயிருந்தார். செல்வராணி முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் பணிவாகத்தான் பேசினாள். பழைய சாம்பிள் தீர்ந்துவிட்டதாம். இன்னொரு முறை கொடுத்தால் உதவியாக இருக்குமாம்.

“மொத எடுத்ததுல என்ன தெரிஞ்சுச்சு?” என்று செல்வராணி கேட்டாள்.

“இன்னும் நிறைய பேரைப் பார்க்கணும்க்கா. அப்பத்தான் எதையும் உறுதியாச் சொல்ல முடியும்.”

“என் பேரு எழுதியா வச்சிருக்கீக அதுல?”

“இல்லக்கா. லேப்ல யாருக்கும் பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான். பேர் வெளிய போகக் கூடாதுன்னு விதி இருக்கு.”

செல்வராணி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“தெருவுல வேனை நிப்பாட்டும்போது அந்த விதி இல்லையா தாயி?”

அந்தப் பெண் தலை குனிந்தாள். பாவம், அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். செல்வராணி கையைக் கழுவி, துடைத்து, நீட்டினாள். ஊசி ஏறும்போது முகம் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

“அப்புறம்... உங்க தங்கச்சியோட சாம்பிளும் வேணும்க்கா. அவங்க இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?”

அடுப்படியில் பாப்பாத்தி பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

“எனக்குத் தங்கச்சி இல்ல தாயி” என்றாள் செல்வராணி.

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “ஆமாம்மா, இவ ஒரே பொண்ணுதான்” என்றேன் நான்.

ஆராய்ச்சியில் ஒரு சாம்பிள் குறைந்தால் யார் குடியும் முழுகிவிடாது.