தொண்ணூறு கிலோமீட்டரைக் காணோம்!

இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை மக்களே.

காலையில் பெஹாலா வீட்டிலிருந்து 180 கி.மீ. தள்ளியிருக்கும் திகா கடற்கரைக்குக் கிளம்பணும். எலெக்ட்ரிக் கார் ஃபுல் சார்ஜ். ஆனால் எப்போதும் 260 கி.மீ. காட்டும் ஸ்கிரீன் இன்று 170 காட்டுகிறது!

"பேட்டரி போச்சு. திகா கேன்சல்" என்ற அப்பா, என்னை முறைத்தார். "ஸ்கிரீன்ல என்னடா நோண்டின?"

போன மாதம் ஹாரனில் நான் செய்த வேலைக்குப் பிறகு எனக்கு ஜாமீனே கிடையாது. காரைவிட என் மேல்தான் சார்ஜ் அதிகம்.

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணா. கடைசியா எப்படி ஓட்டினீங்களோ, அதை வச்சுதான் வண்டி தூரத்தைக் கணிக்கும். யாரோ ஏசியை முழுசா வச்சு வெறித்தனமா விரட்டியிருக்காங்க. மெதுவா ஓட்டுங்க, ஏறிடும்."

நேற்று ஓட்டியது ஒரே ஆள். சித்தியை ஏர்போர்ட்டில் விட்டுவந்த அம்மா. அப்பா ஐம்பதைத் தாண்டினாலே "உயிர் மேல ஆசையில்லையா?" என்று கத்தும் அதே அம்மா!

"நாற்பதுலதான் போனேன்னு சொன்னியே?" அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"ஃப்ளைட் போயிடும்னு உங்க மச்சினி அழுதா."

"சரி, திரும்பி வரும்போது?"

"ரோடு காலியா இருந்துச்சுங்க."

இப்போது திகா போய்க்கொண்டிருக்கிறோம். அப்பா ஓட்டுகிறார். என்னிடம் மன்னிப்பு கேட்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டு வண்டி யாரைக் காட்டிக்கொடுத்தது?