தங்கை எழுதிக் கொடுத்த நோட்டு

விமான நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஹோட்டலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினோரு வருஷமாக நாலாம் மாடியின் இருபத்திரண்டு அறைகளையும் அவள்தான் பெருக்கித் துடைத்து வந்தாள். அதனால் அவளுக்கு நாலாம் மாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. “நாலாம் மாடி சாப்பிட வந்தாச்சா?” என்று சமையலறையில் கேட்பார்கள். “நாலாம் மாடிக்கு இன்னைக்கு இடுப்பு வலியாம்” என்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், கட்டடத்துக்கு எப்படி இடுப்பு வலிக்கும் என்று திருதிருவென விழித்ததைச் சொல்லிச் சொல்லி வெகுநாள் சிரித்தார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குத் தனியாக ஒரு கதையெல்லாம் கிடையாது. பதினேழு வயதில் அம்மா போனாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். மிஞ்சியது ஒன்பது வயதுத் தங்கை. பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீடுகளில் துணி துவைத்தாள், ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவினாள், கடைசியில் இந்த ஹோட்டலில் வந்து சேர்ந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தங்கையைப் படிக்க வைத்தாள். தங்கையும் சோடை போகவில்லை. பயணத் துறைப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, ஊர் நடுவே ஒரு விமான டிக்கெட் ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்களிடம் அவள் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்கவே அக்கா சில நாள் வேலை முடிந்து அந்தப் பக்கம் போவாள். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் உச்சி குளிர்ந்துவிடும்.

தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இரண்டரை வயது. எல்லோரும் ஒரே வீட்டில்தான். முன்னறையில் ஒரு கட்டில் அக்காவுக்கு. காலை ஆறு மணிக்கு ஹோட்டலுக்குப் போனால் இரண்டு மணிக்கு வேலை முடியும். அதுவரை பக்கத்து வீட்டம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அதற்குப் பிறகு தங்கை வீடு திரும்பும் ஏழு மணி வரை குழந்தை பெரியம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியானது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரைக்குமான ஷிஃப்டு. வெளியாளை எடுப்பதற்கு முன் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதாக மேனேஜர் அறிவித்தார். ஒரு மாதம் கழித்து ஒரு சின்னப் பரீட்சை. வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் போதும் என்றார்.

அன்று வீட்டில் அக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“எனக்கெல்லாம் வருமா தெரியல. சும்மா எழுதிப் பாக்கலாமான்னு...”

குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த தங்கையின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சிரித்தாள்.

“ஏன் வராது? நான் சொல்லித் தர்றேன் அக்கா. எனக்கு இதுதானே பொழப்பு.”

மறுநாளே கோடு போட்ட நோட்டு ஒன்று வந்தது. இடது பக்கம் ஆங்கில வார்த்தை, அதைத் தமிழ் எழுத்தில் எப்படிச் சொல்வது என்பதும்; வலது பக்கம் பொருள். மணிமணியான கையெழுத்து. போர்டிங் பாஸ், பேகேஜ் கிளெய்ம், அட்வான்ஸ், ஜன்னலோர சீட்டுக்கு என்ன சொல்வது, நடைபாதையோர சீட்டுக்கு என்ன சொல்வது என்று தினமும் இரண்டு மூன்று வார்த்தைகள். அறை வேலை சம்பந்தப்பட்ட வார்த்தைகள் அக்காவுக்கு முன்பே தெரியும். மேசையில் நின்று பேசுகிற வார்த்தைகள்தான் புதிது.

“ஓவர்புக்டுன்னா?”

“புக்கிங் எல்லாம் ஓவர். முடிஞ்சிருச்சு, கவலையில்லைன்னு அர்த்தம்.”

“காம்ப்ளிமென்டரி?”

“கம்ப்ளெய்ன்ட் தெரியுமில்ல? அதோட அக்கா தங்கச்சி மாதிரி. புகார்.”

அக்கா நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் படுக்கை விரிக்கும்போது தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே ஒப்பித்தாள். “நோ ஷோ: அறையை முன்னாடியே சுத்திக் காட்ட மாட்டோம். லேஓவர்: படுத்து ஓய்வெடுக்கிறது. ஷட்டில்: மூடியிருக்கு.” அந்த மாதம் முழுக்க நாலாம் மாடியின் தலையணைகளுக்கே பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். ஹோட்டலில் வேறு யாரிடமும் அவள் சந்தேகம் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்டுச் சிரிப்புக்கு ஆளாவானேன், வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது?

ஒருநாள் மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், மேசையில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, புருவத்தைச் சுருக்கி, “இது என்ன...” என்று ஆரம்பித்தார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நோட்டை வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். அக்கா அதைக் கவனித்தாள். புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ பிணக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பரீட்சை மேனேஜரின் அறையில் நடந்தது. மேனேஜர் விருந்தாளியாக நடிப்பார்; வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். டெலிபோன் போர்டில் உட்காரும் பெரியவர், இருபது வருஷமாக வெளியூர்க்காரர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர், மார்க் போட உட்கார்ந்திருந்தார். அக்கா புதுச் சேலை கட்டி, தலை படிய வாரிக்கொண்டு போயிருந்தாள்.

தன் விமானம் ஓவர்புக்டு என்று மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். இருக்கைகளைவிட அதிகம் பேருக்கு டிக்கெட் விற்றுவிட்டார்கள், தனக்கு இடமில்லாமல் இறக்கிவிட்டார்கள் என்பது அதன் பொருள்.

“வெரி குட் சார்,” என்றாள் அக்கா முகம் மலர. “கன்கிராஜுலேஷன்ஸ்.”

மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டார். காலைச் சாப்பாடு காம்ப்ளிமென்டரியா, அதாவது வாடகையோடு சேர்ந்த இலவசமா என்று அடுத்துக் கேட்டார்.

“நோ சார். நெவர். அவர் பிரேக்ஃபாஸ்ட் வெரி டேஸ்டி. நோபடி காம்ப்ளிமென்டரி.”

விமான நிலையத்துக்குப் போய்வர ஷட்டில் வேன் உண்டா என்றார். இல்லை, எங்கள் ஹோட்டல் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்றாள். அதற்கு மேல் மேனேஜரால் அடக்க முடியவில்லை. மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். டெலிபோன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வாங்கம்மா,” என்றார் மேனேஜர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வேலை, சலவைப் பிரிவில் துணி எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் போனது.

பணியாளர் சாப்பிடும் அறையில் அக்கா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மனப்பாடம் செய்ததைப் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டோம் என்றே நம்பினாள். டெலிபோன்காரர் எதிரே வந்து உட்கார்ந்து, “அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டும்மா” என்றார். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் படித்தார்.

“இதை எழுதினது யாரு?”

“என் தங்கச்சி.”

“என்ன வேலை பாக்குறாங்க?”

“ப்ளேன் டிக்கெட் ஆபீஸ்ல. எட்டு வருஷமா.”

அவர் நோட்டை மூடினார். “எனக்குக் கண்ணு சரியில்ல. விடு, சாப்பிடு.”

“இல்ல, என்னமோ மறைக்கிறீங்க. சொல்லுங்க.”

“இதுல அறுபத்தஞ்சு வார்த்தை இருக்கு. அம்பத்தேழு ரொம்பச் சரி. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. மிச்சம் எட்டு தப்பு. நோ ஷோன்னா ரூம் போட்டுட்டு ஆள் வராம போறது. அந்த எட்டும் நம்ம மேசையில தினம் வர்ற வார்த்தை. அவங்க மேசையிலயும் தினம் வர்ற வார்த்தைதான்.”

“அவளுக்கே தெரியாம இருந்திருக்கும்,” என்றாள் அக்கா.

“இருக்கலாம்,” என்றார் அவர். நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை; அன்று ஒருநாள் மட்டும் குழந்தையைக் கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டம்மாளிடம் போனில் கெஞ்சினாள். பஸ் ஏறி டிக்கெட் ஆபீசுக்குப் போனாள். சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தங்கை ஒரு வயதான தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாகக் கேட்டது.

“நடுவுல ஆறு மணி நேரம் லேஓவர் இருக்குங்க ஐயா. அதாவது அடுத்த ப்ளேன் வர்ற வரைக்கும் அங்கேயே காத்திருக்கணும். பயப்படாதீங்க, ஹோட்டல் ரூம் காம்ப்ளிமென்டரி. நீங்க ஒண்ணும் தர வேண்டாம். ஷட்டில் வண்டி வந்து கூட்டிட்டுப் போயிரும்.”

இத்தனை நாள் புரியாத பாஷையில் பேசிப் பெருமை தந்த குரல், இன்று ஒவ்வொரு வார்த்தையும் புரியும்படிப் பேசியது. தம்பதி நன்றி சொல்லி எழுந்தபோதுதான் தங்கை நிமிர்ந்தாள். அக்காவையும், அவள் மடியிலிருந்த நோட்டையும் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றார்கள்.

“பரீட்சை என்னாச்சுக்கா?”

“நீ நெனச்சதுதான் ஆச்சு.”

தங்கை சுவரைப் பார்த்தாள். “நீ மத்தியான ஷிஃப்டுக்குப் போயிட்டா பாப்பாவை யாரு பாக்கிறது? பக்கத்து வீட்டம்மா ரெண்டு மணிக்கு மேல முடியாதுன்னுட்டாங்க. நான் வேலையை விட முடியுமா?”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே. ‘அக்கா, வேண்டாம்’னு ஒரு வார்த்தை.”

“கேட்டிருந்தா விட்டிருப்பே.”

“ஆமா. விட்டிருப்பேன்.”

“அதுக்குத்தான் கேக்கல.” தங்கையின் குரல் உயர்ந்தது. “அப்புறம் அதையும் ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்கணும். அக்கா எனக்காகப் படிப்பை விட்டா, கல்யாணத்தை விட்டா, இப்ப இந்த வேலையையும் விட்டா. பாக்கிறவங்க எல்லாம் எங்கிட்ட அதையேதான் சொல்றாங்க. நன்றி சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் தேஞ்சு போச்சு. நீயா தோத்துட்டா யாருக்கும் மனத்தாங்கல் இல்லைன்னு நெனச்சேன்.”

“நான் உங்கிட்ட என்னைக்காவது நன்றி கேட்டேனா?”

“கேக்கல. கேட்டிருந்தாகூடப் பரவாயில்ல.”

கீழே யாரோ படியேறி வந்தார்கள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“அவருக்கும் தெரியுமா?” என்றாள் அக்கா.

தங்கை ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை கழுவப் போன தட்டு அக்காவின் கண் முன் வந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்றுகொண்டு, மூன்று பேரில் இரண்டு பேர் தெரிந்தே மூன்றாவது ஆளை ஒப்பிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் சிரித்தது பெரிதாகப் படவில்லை அவளுக்கு. அவர் அந்நியர். கூடவே இருந்து குழி பறித்தது, தான் கை பிடித்து எழுத்துப் பழக்கிய கை.

“எங்க வேணும்னாலும் அடிச்சிருக்கலாம்டி நீ,” என்றாள். “என்னை முட்டாளாக்கி நிக்க வெச்சுட்டே.”

அந்த வாரமே அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஹோட்டலுக்குப் பின்னால், பணிப்பெண்கள் தங்கும் வரிசையில் ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, விமானம் ஏறும்போதெல்லாம் நடுங்கும் ஒரு ஜன்னல். குழந்தைக்கு என்ன செய்வார்களோ என்று இரண்டு நாள் அதே கவலையாக இருந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மாள் மூலம் செய்தி வந்தது: டிக்கெட் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகம் இருக்கிறதாம். குழந்தை ஒரே நாளில் அங்கே பழகிவிட்டதாம். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படத்தான் பார்த்தாள். இவ்வளவு சுலபமாகத் தீர்கிற காரியத்துக்கா இத்தனையும் என்ற நினைப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

பழைய நோட்டை அவள் கிழித்துப் போடவில்லை. அம்பத்தேழு வார்த்தை சரிதானே. ஆனால் அந்த அம்பத்தேழையும் டெலிபோன்காரரிடம் ஒரு முறை, அகராதியில் ஒரு முறை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ‘தண்ணி’ என்பதற்குக்கூட இரண்டு பேரிடம் பொருள் கேட்பாள் என்று மாடிகளில் கேலி பேசினார்கள். அறையில் தினம் வைக்கும் இலவசத் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் காம்ப்ளிமென்டரி என்று பெயர் என்று தெரிந்தபோது, அவள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

பதினான்கு மாதம் கழித்து அந்த இடம் மறுபடி காலியானது. இந்தத் தடவை மேனேஜர் எதைக் கேட்டும் மடக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு அவள் மேசைக்குப் பின்னால் நின்றாள். சமையலறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். இனி நாலாம் மாடியைத் தரைத்தளம் என்று கூப்பிடலாமா என்று கேட்டார்கள். யாரிடமாவது முதலில் சொல்ல வேண்டும் என்று அவள் போனை எடுத்தாள். எடுத்த பிறகு யாருக்கு என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டி வருவார். சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அவள் குழந்தையோடு விளையாடுவாள். அவரோடு பேசமாட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மேசைத் தொலைபேசி ஒலித்தது. ஏதோ ஒரு விமானம் ரத்தாகிவிட்டது, பதினெட்டுப் பேருக்கு ஒரு இரவு தங்க அறை வேண்டும் என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கேட்டது. முதல் வார்த்தையிலேயே யார் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்; குரல் ஒரு கணம் தடுக்கியது. ஆனாலும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. எத்தனை இரட்டைப் படுக்கை, எத்தனை ஒற்றை, யார் பெயரில் பதிவு, எத்தனை மணிக்கு வேன் என்று அத்தனையும் ஆங்கிலத்திலேயே, ஒரு பிசகும் இல்லாமல் பேசி முடித்தார்கள்.

கடைசியில் அந்தப் பக்கம், “அக்கா...” என்றது.

“வேற ஏதாவது தேவைப்படுதா மேடம்?”

அந்தப் பக்கம் இணைப்பு துண்டானது.

அவள் குறித்துக்கொண்ட தாளைப் பார்த்தாள். பிறகு விமான நிலையத்தில் அந்த விமான நிறுவனத்தின் கவுன்ட்டரைக் கூப்பிட்டு, ரத்தான விமானத்திலிருந்து எத்தனை பேரை அனுப்புகிறீர்கள் என்று தானே ஒரு முறை விசாரித்தாள். பதினெட்டு என்றார்கள். தங்கை சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அவள் பதினெட்டுப் பேருக்கான சாவிகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.