சவுக்காரம் போடாத இருபத்தெட்டு நாள்

"சவுக்காரத்தைக் கீழை வையுங்கோ, செல்லாச்சியக்கா."

செல்லாச்சி மார்பில் குறுக்குக்கட்டோடு பள்ளிக்கூடத்தின் புதுத் தண்ணீர்த் தொட்டி மூடியில் நின்றிருந்தாள். ஒரு வாளி தலையில் ஊற்றியாயிற்று. ஒளித்துக் கொண்டுவந்த சவுக்காரத் துண்டு கையில் இருந்தது. இராசேஸ்வரி ஏணியின் பாதியில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"ஒருக்கால் கழுத்துக்கு மட்டும்..."

"கழுத்துக்கும் இல்லை, காலுக்கும் இல்லை. சீமெந்து குடிக்கிற தண்ணி. தாங்கோ."

"என்ரை மனுசன் குடிக்கிற தண்ணிக்கு நான் இவ்வளவு பாத்ததில்லை," என்று சொல்லிக்கொண்டே செல்லாச்சி துண்டைக் கொடுத்தாள்.

தென்னோலைக் கிடுகு மறைப்புக்கு வெளியே வாளிகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். இராசேஸ்வரி சிரிக்கவில்லை. மூடியிலிருந்து வழியும் தண்ணீர் சுவரைச் சுற்றிய சாக்குகளில் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரு பக்கத்துச் சாக்கு காய்ந்திருந்தது.

"அடுத்த ஆள் கிழக்காலை நிண்டு குளியுங்கோ."

அது கொங்கிறீற் போட்டுப் பதினொராம் நாள்.

கரம்பொன் ஊரில் இராசேஸ்வரிக்குச் சீமெந்தக்கா என்று பெயர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடம் சீமெந்துக் கட்டிகளை நசுக்கி, நொறுங்கிய பாரத்தை எழுதியவள். தொண்ணூறில் ஆலை நின்றது. இடம்பெயர்ந்து திரிந்து தொண்ணூற்றாறில் வீட்டுக்குத் திரும்பியபோது கூரை இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும் நீளத் துலா மரம் மட்டும் கிடந்தது. அதை ஒரு கொட்டிலுக்குள் கொண்டுபோய் நசுக்கும் யந்திரமாக்கினாள். அடியில் ஓர் அங்குலக் கட்டி, நுனியில் ஆட்கள். கட்டி நொறுங்கும்வரை ஆட்களைக் கூட்டுவாள். "போன கிழமையான் ஒரு செல்லாச்சியக்காவோடை நொறுங்கிப் போட்டுது. இது செல்லாச்சியக்காவும் மேசன் தில்லைநாதனும் சேந்து ஏறியும் அசையேல்லை," என்பாள். கொப்பியில் கிலோவில்தான் எழுதுவாள். அப்படிப் பதினொரு வருடக் கொப்பிகள் இருந்தன.

சீமெந்தில் எவ்வளவைக் குறைக்கலாம் என்பதுதான் அவள் தேடியது. குறைத்ததற்குப் பதில் உமிச் சாம்பல். வேலணை மில்லில் உமி அள்ளிவந்து மெல்லிய சூட்டில் எரிப்பாள். கறுத்தாலும் கொட்டிவிடுவாள், சூடு கூடி வெளிறினாலும் கொட்டிவிடுவாள். சாம்பல் நிறத்தில் வந்ததை மட்டும் அரைத்து அரிப்பாள். "ஆய்வுகூட யன்னலாலை புகைபோக்கி தெரியும். ஒரு பை சீமெந்து சுட்டால் கிட்டத்தட்ட அதே நிறைக்குப் புகையும் மேலை போகும். பையைத்தான் எல்லாரும் எண்ணினவை," என்பாள்.

கைப்பையில் எப்போதும் ஒரு மூன்றங்குல ஆணி இருக்கும். கலியாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணைப் பார்க்குமுன், சீமெந்து இறுகியிருக்கிறதா என்று தூணைக் கீறிப் பார்ப்பாள். ஒருநாள் காவலரணில் அவளுடைய சாம்பல் தகரப் பேணியைத் திறந்த சிப்பாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டி விரலால் தேய்த்துக் கேட்டான், பல் விளக்கவா என்று. "ஓம்," என்றாள். அவனும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டான்.

இரண்டாயிரத்தேழில், சண்டையால் சாமான் வரும் பாதை பூட்டி ஒரு வருடமாகியிருந்தது. பள்ளிக்கூட அதிபர் பரராசசிங்கம் மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்கென்று இருபத்துநாலு பை சீமெந்துக்கு அனுமதி கேட்டார். பதினெட்டுப் பைக்குக் கிடைத்தது. வேலையைத் தள்ளிப்போட்டால் மாரி மழை போய்விடும். "மிச்சம் ஆறுக்கு என்ரை சாம்பல் இருக்கு," என்றாள் இராசேஸ்வரி. அது பிழையாகிப் போனால் பதினெட்டுப் பையும் போய்விடும். இன்னொரு அனுமதி கிடையாது. தொண்ணூறு பிள்ளைகள் பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீரில் ஆளுக்கு அரைப் போத்தலோடு இன்னொரு வருடம் இருக்கவேண்டும். அதிபர் அவளுடைய கொப்பிகளை ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

புரட்டாதி பிறந்ததும் கொங்கிறீற் போட்டார்கள். மூன்றாம் நாளே சாக்குகள் காய்ந்தன. பள்ளிக்கூடக் கிணறு உவர். அந்தத் தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும். எதிரே நல்ல தண்ணீர்க் கிணறு. அங்கே வீட்டுக்கு இத்தனை வாளி என்று கணக்கு. அவள் போய்க் கேட்டபோது, "காயிற சாமானுக்கு ஏன் தண்ணி?" என்றார்கள்.

"காய விட்டால் செத்துப்போம். தண்ணியைக் குடிச்சுத்தான் அது கல்லாகிறது. சாம்பல் சேந்தது இன்னும் ஆறுதலா, மெல்ல மெல்லக் குடிக்கும். இருபத்தெட்டு நாள் வேணும்."

ஒருவரும் தரவில்லை. தான் குளிக்கிற வாளியைச் சாக்கில் ஊற்றிவிட்டு இரண்டு நாள் குளிக்காமல் இருந்தாள். ஆறாம் நாள் புழுக்கம் தாங்காமல் வாளியோடு மூடியில் ஏறி நின்று குளித்தாள். காலடியிலிருந்து தண்ணீர் சாக்குகளுக்குள் இறங்கியது. நனைந்த சேலையோடு குனிந்து, ஒரே வாளி தனக்கும் சாக்குக்கும் போதுமாக இருப்பதைப் பார்த்தாள்.

மறுநாள் தில்லைநாதன் வந்து அவளுடைய ஆணியை வாங்கிச் சுவரில் இழுத்தார். கோடு ஆழமாக விழுந்தது.

"பிள்ளை, உது கல்லில்லை. களி."

"பொறுங்கோ அண்ணை. அதுக்கு இன்னும் விடாய் அடங்கேல்லை."

அன்றே, தொட்டி மூடியில் வந்து குளிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனாள். முதலில் சம்மதித்தது செல்லாச்சி. "குளிக்கிற தண்ணி வாழைக்குப் போனால் என்ன, உம்மடை தொட்டிக்குப் போனால் என்ன?" விடியப்புறம் பெண்கள், பின்னேரம் ஆண்கள். சவுக்காரம் கூடாது, சீயாக்காய் கூடாது. புரட்டாதிச் சனியிலும் எண்ணெய் முழுக்கு இல்லை. இரண்டாம் கிழமை, ஊர்காவற்றுறைச் சந்தையில் கரம்பொன் ஆட்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கிறார்கள் இல்லை என்று கதை வந்தது. அதிபரும் ஒரு வாளியோடு வந்து, கதிரையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார்.

இருபத்தெட்டாம் நாள் சாக்குகளைக் கழற்றி, மூடிக்கு அடியில் முட்டுக்கொடுத்த பலகையைத் தட்டினார்கள். ஐப்பசி பிறந்து மூன்று நாள் விடாமல் மழை. தொட்டி வாய்வரை நிரம்பிய காலை ஊரில் பாதி அங்கே நின்றது. தில்லைநாதன் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் ஆணியை அழுத்தி இழுத்தார். சுவரில் வெள்ளையாக ஒரு மயிரளவு. ஆணியின் முனையைத் தடவிப் பார்த்தார், அது மழுங்கியிருந்தது. அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

இராசேஸ்வரி கொப்பியில் தாள்களைக் கிழித்து, தாழ்வாரத்துக்குக் கீழே மழை படாத சுவரில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒன்றாக அழுத்திப் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றிலும் ஈரம் இல்லை.

"சொட்டும் இல்லை, பிள்ளை," என்றார் தில்லைநாதன்.

"இருங்கோ, இன்னொருக்கால்."

இன்னொரு முறையும் சுற்றி வந்தாள். பிறகு ஏணியின் அடிப் படியில் உட்கார்ந்தாள். எழும்பக் கொஞ்ச நேரம் சென்றது.

"சீமெந்தக்காவுக்கு இப்பதான் இறுகினது," என்றாள் செல்லாச்சி.

மறுநாள் வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. புதுத் தொட்டியின் முதல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, சுண்ணாம்பு ஊறியிருக்கும் என்று இராசேஸ்வரி சொல்லியிருந்தாள். பைப்பைத் திறந்து, குளித்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் வாளி வாளியாகக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் தொட்டி காலியானது. மேற்கில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தன் பங்கு இரண்டு வாளியோடு வீட்டுக்குப் போனாள். செல்லாச்சியிடம் பறித்த சவுக்காரம் கொட்டிலில் கட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு தரம் போட்டுக் குளித்தாள். பிறகு தலையில் துவாயோடு போய், மிஞ்சிய துண்டை வேலியின் இடைவெளிப் பொட்டுக்குள்ளால் செல்லாச்சியிடம் நீட்டினாள்.