வாட்டசாட்டமும் குண்டும்

நான் ஓர் அறிவியல் டீச்சர். ஆம்பூரில் நான் வேலை செய்யும் பள்ளியிலேயே என் இரட்டைப் பிள்ளைகளும் எட்டாம் வகுப்பு படிக்கிறார்கள். மகனும் மகளும் சின்ன வயதிலிருந்தே ஏறக்குறைய ஒரே எடை. இதயத்துக்கு நான்கு அறைகள் என்று வருடா வருடம் படம் போட்டு விளக்கும் நான், வீட்டில் அந்த ஒரே எடைக்கு இரண்டு பெயர் வைத்திருந்தேன். அவன் வாட்டசாட்டம். அவள் குண்டு.

பெயருக்கேற்ற சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்தால் கறியெல்லாம் அவன் தட்டுக்குப் போகும். வளர்கிற பையனாம். அவள் தட்டில் தயிர்ப் பச்சடி நிறைய, சோறு கொஞ்சம். "கம்மியா சாப்பிடும்மா, யூனிஃபார்ம் இப்பவே டைட்டா இருக்குது."

சரி, எடை குறைய ஓடி விளையாடவாவது விட்டேனா? அதுவும் இல்லை. வெயிலில் கறுத்துவிடுவாளே! இந்த லட்சணத்தில் உடற்பயிற்சியின் நன்மைகள் யாவை என்று தேர்வில் கேள்வி வேறு கேட்பேன்.

போன மாதம் வேலூரிலிருந்து ஒரு மருத்துவக் குழு எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தது. மகளுக்குத்தான் ஏதாவது இருக்கும் என்று அவள் பின்னாலேயே போய் நின்றேன். அவளுக்குச் சரியாகவே இருந்தது. அடுத்தது மகன். நர்ஸ் அவன் கையில் பட்டையைக் கட்டினார், கழற்றினார், மறுபடியும் கட்டினார்.

"மிஸ், பையனுக்கு பிரஷர் ஜாஸ்தியா காட்டுதே."

"ஓடி வந்திருப்பான்."

"இவ்ளோ நேரம் இங்கதான உக்காந்துட்டு இருந்தான்?"

"அப்போ மெஷின்ல ஏதோ கோளாறு."

அறிவியல் டீச்சர் பேசுகிற பேச்சா இது? வரிசையில் இருந்த என் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பொண்ணு குண்டானா வீட்ல உடனே கவனிக்கிறாங்க மிஸ். பையன் குண்டானா யாரும் கண்டுக்கறதில்ல," என்றார் நர்ஸ்.

என் மகனை ஒருவர் குண்டு என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். முதலில் கோபம்தான் வந்தது.

"எனக்கு இன்னாமா ஆச்சு?" என்றான் மகன். பள்ளிக்கூடத்தில் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பயத்தில் அதை மறந்துவிட்டான்.

"பயப்படாதப்பா. ஒரு தடவ பார்த்து முடிவு பண்ண முடியாது, மறுபடியும் பார்க்கணும். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வாங்க மிஸ்," என்ற நர்ஸ், பக்கத்தில் நின்ற என் மகளிடம் திரும்பினார். "வீட்ல இன்னாம்மா சாப்பிடுவீங்க?"

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். முகத்தில் கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது.

"யார் தட்டுல சிஸ்டர்? என்னுதா, அவனுதா?"