செங்கல் குவியல்

கொப்பரையின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவி எடுத்து, ஊதக்கூட ஊதாமல் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, ஆவென்று வாயைத் திறந்து காட்டுகிறார் நக்லே. வரிசையில் முதலில் நிற்கிற சிப்பாய் எட்டிப் பார்க்கிறான். "போதுமாடா? தொண்டைக்குள்ள விளக்குப் போட்டுப் பாக்கணுமா?" பிறகுதான் வரிசை நகரும். பெய்ரூட் படைமுகாமில் வேளை தவறாமல் இந்தக் கூத்துதான். சமையல் சார்ஜெண்டின் நாக்கு எந்நேரமும் வெந்து கிடக்கிறது.

முகாமே அவரை அபு ஜிர்யிஸ், அதாவது ஜிர்யிஸின் அப்பா என்றுதான் கூப்பிடுகிறது. ஜிர்யிஸ் ஒரு சோதனைச் சாவடியில் மதம் எழுதிய அடையாள அட்டையை நீட்டிச் செத்தவன். மகன் போன பிறகும் அந்தப் பெயரைக் கேட்டு ஓயாமல் "என்னப்பா?" என்று திரும்ப வேண்டியிருக்கிறது.

உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம் இதே முகாமில் குழம்பில் விஷம் என்று எவனோ கிளப்பிவிட்டான். கிறிஸ்தவன் சமைத்ததை முஸ்லிம் தொடவில்லை, முஸ்லிம் சமைத்ததைக் கிறிஸ்தவன் தொடவில்லை. தலைவலி விட்டால் போதுமென்று கேப்டன் இரண்டாவது அடுப்புப் போடச் சொன்னார். அடுப்பு பிரிந்தது. பின்னாலேயே ஆயுதக் கிடங்கும் பிரிந்தது. ஒரு காலையில் பாதிப் பேர் கிழக்கு வாசலிலும் மீதிப் பேர் மேற்கு வாசலிலும் பீரங்கி வண்டிகளோடு வெளியேறி, சாயங்காலமே ஒருவரையொருவர் சுட்டார்கள். அவித்த மொச்சை கொப்பரையோடு ஆறிக் கிடந்தது. அதை நினைத்தால் நக்லேவுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது சண்டை ஓய்ந்து, சுட்டவனையும் சுடப்பட்டவனையும் ஒரே படைப்பிரிவில் கலந்துவிட்டிருக்கிறார்கள். மறுபடி அதே விஷப் பேச்சு. "ஒருத்தன் சாப்பிடாம எழுந்தாலும் ரெண்டாவது அடுப்புதான், அபு ஜிர்யிஸ். எனக்கு வம்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் லெப்டினன்ட். செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. நக்லே அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறார். செங்கல்லில் கை வைக்க வருகிறவனுக்குக் கெட்ட வார்த்தைதான் கிடைக்கும்.

இந்த வருஷம் ரமலான் மாதத்திலேயே பெரிய வெள்ளியும் வந்தது. குண்டு விழுந்த காலத்தில்கூட அன்றைக்கு அவர் பல்லில் இறைச்சி பட்டதில்லை. சிலுவையில் தாகமென்ற இயேசுவுக்குக் கொடுத்தார்களே, அந்தப் புளித்த காடி ஊற்றிய பருப்போடு சரி. கிறிஸ்தவப் பையன்கள் மத்தியானமே பருப்பைத் தின்றுவிட்டுப் போனார்கள். நோன்பு திறப்பவர்களுக்கு அதே அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. பாங்கு சொல்லி, பேரீச்சையும் தண்ணீரும் ஆனதும் ஹைதர் தட்டோடு முதலில் வந்து நின்றான். அவன் அண்ணன் செத்ததும் சாவடியில்தான். அது கிறிஸ்தவர்கள் வைத்திருந்த சாவடி.

"இன்னிக்கு எங்களுக்கு என்ன நாள்னு தெரியுமில்ல? எங்காளுங்க தெருவுலதானே வளந்தே?"

"தெரியும், அபு ஜிர்யிஸ்."

"பருப்பைத் தின்னு காட்டுறேனே?"

"நான் திங்கப்போறது பருப்பு இல்லையே."

பின்னால் ஒருவன் தட்டைக் கீழே வைத்தான். இன்னொருவனும் வைத்தான். வாசலில் நின்ற லெப்டினன்ட் செங்கல் பக்கம் பார்த்தார்.

நக்லே சிலுவை போட்டுக்கொண்டார். கொழுப்போடு ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கி, வாயைத் திறந்தார். ஹைதர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான். அப்புறம் தட்டை நீட்டினான். வரிசை நகர்ந்தது.

கடைசித் தட்டுவரை அவரே பரிமாறினார். பிறகு கொல்லைப்பக்கம் போய், செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து, பருப்புக்கு வைத்திருந்த காடியை உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டு, வெந்த நாக்கு எரிய எரிய, துப்பாமல் அப்படியே வைத்திருந்தார்.