ஸ்டார்ட்டை எடுத்துட்டு ரன் போடு

சென்னைக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, எல்லாப் பாடத்திலும் பாஸாக வேண்டும். அப்பா எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் கப்பல் டிக்கெட்டே போட்டுவிட்டார். பாக்கி இருந்தது ஜாவா பிராக்டிகல் மட்டும்.

எனக்கு விழுந்த கேள்வி இரண்டு த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைகள். ஒன்று 'குட் மார்னிங்' என்று திரும்பத் திரும்ப அச்சிட வேண்டும், இன்னொன்று 'ஹலோ' என்று. ஸ்டார்ட் என்ற கட்டளையைப் போட்டால் இரண்டும் தன் பாட்டுக்கு ஒரே சமயத்தில் ஓடும். எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஸ்டார்ட்தான் போட்டேன். திரையில் இரண்டும் கலந்து கலந்து வந்தன.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கையிலிருந்த மாதிரி விடைத்தாளைப் பார்த்தார். அதில் குட் மார்னிங் எல்லாம் முதலில், ஹலோ எல்லாம் பிறகு.

"திரும்ப ஓட்டும்மா."

ஓட்டினேன். இந்தத் தடவை வேறு மாதிரி வந்தது.

"என்னம்மா இது, ஓட்ட ஓட்ட மாறுது?"

"மாறத்தான் சார் செய்யும். த்ரெட்டுன்னா அப்படித்தான்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த தோழி கிசுகிசுத்தாள். "அரே பாகல், ஸ்டார்ட்டை எடுத்துட்டு ரன் போடு. பாத் கதம், விஷயம் முடிஞ்சுது."

ரன் என்று நேரடியாக அழைத்தால் தனி த்ரெட் எதுவும் ஓடாது. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது, சமர்த்தாக, விடைத்தாளில் உள்ளபடியே. வகுப்பே அப்படித்தான் போட்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! த்ரெட் கேட்ட கேள்விக்கு த்ரெட்டே இல்லாத பதிலா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லேப் சாருக்கு எல்லாம் தெரியும். மனிதர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியை மத்தியான விமானத்தில் ஏற்றிவிடும் கவலை அவருக்கு.

ஃபெயில். அப்பா நேராகப் போய் டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தோழி இப்போது சென்னையில் டீம் லீடர். நான் அதே லேபில் அசிஸ்டென்ட், புரோத்ராபூரிலிருந்து தினமும் பஸ். கேள்வியும் மாறவில்லை, விடைத்தாளும் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் தேர்வாளர் வருவதற்கு முன்னால் நானே ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்கிறேன்: "ஸ்டார்ட்டை எடுத்துட்டு ரன் போடுங்க."

இந்த வருடம் பெரார்கஞ்சிலிருந்து வரும் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், அப்ப த்ரெட்டே ஓடாதே?"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வயிறும் எரிந்தது.

"உனக்கு மெயின்லேண்ட் போகணுமா, வேணாமா?" என்றேன்.

அவள் ஸ்டார்ட்டை அழித்தாள்.